எந்தப் பெயரில் உழைத்தீர்கள்?



பந்திப்பூர் காட்டுச்சாலையை இரவு ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார்கள். திறப்பது காலை ஆறு மணிக்குத்தான். 2009 முதல் இதுதான் நடைமுறை. அந்த ஒன்பது மணி நேரமும் சாலை யானைக்கும் மானுக்கும் சொந்தம். போன மாதம் டெல்லியிலிருந்து பெங்களூருவில் வந்து இறங்கி, மைசூர் வழியாகக் காரில் ஊட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். குண்டலுபேட்டையைத் தொடும்போதே எட்டே முக்கால் ஆகிவிட்டது. அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

காலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டலில் தட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் பையில் தொங்கிக்கொண்டிருந்த லக்கேஜ் டேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. நான் சர்வரிடம் தமிழில் தண்ணீர் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“தம்பி, நம்ம ஃப்ளைட்லயா வந்தீங்க?”

“ஏர் இந்தியாவில் வந்தேன் சார்.”

“அதான், இந்தியன் ஏர்லைன்ஸ்” என்றார்.

அந்த ‘நம்ம’ என்ற சொல்லுக்குப் பின்னால் முப்பத்தைந்து வருஷ உழைப்பு இருந்தது. 1974-ல் மீனம்பாக்கத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ஆவ்ரோ, போயிங் 737, பிறகு 1989-ல் வந்த ஏர்பஸ் 320 என்று மூன்று தலைமுறை விமானங்களைத் தொட்ட கைகள் அவருடையவை. ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு குண்டலுபேட்டைக்கு வந்துவிட்டார். வேலையில் சேர்ந்தபோது கிடைத்த ஆணையில் இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இருந்தது. 2005 டிசம்பரில் ‘ஏர்லைன்ஸ்’ போய் வெறும் ‘இந்தியன்’ ஆனது. 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைத்தார்கள். இணைந்த கம்பெனிக்கு வைத்த பெயர் நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா லிமிடெட். அது ஏர் இந்தியா லிமிடெட் என்று மாறியது 2010-ல். இவர் ஓய்வுபெற்றதோ 2009-ல்.

“ரிட்டையர்மென்ட் ஆர்டர்ல அந்த நீளமான பேருதான் தம்பி இருக்கு. என் வாயால அந்தப் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்ல” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக்கைப் பற்றியும் சொன்னார். 1953-ல் அரசாங்கம் எட்டு விமானக் கம்பெனிகளைச் சேர்த்துத்தான் இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியது. பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா ஏர்லைன்ஸ், ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் எல்லாம் அப்படிக் கரைந்தவை. அந்த மூத்தவர் டெக்கானில் சேர்ந்தவர். இருபது வருஷம் கழித்தும் “எங்க டெக்கான்ல” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாராம். “அப்ப எனக்குச் சிரிப்பா இருக்கும். இன்னைக்கு நான் அதையே சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார் பெரியவர்.

டெக்கான் என்றதும் கன்னட மண்ணில் பிறந்த இன்னொரு டெக்கான் என் நினைவுக்கு வந்தது. ஹாசன் மாவட்டத்து கோரூர்க்காரரான கேப்டன் கோபிநாத் 2003-ல் தொடங்கிய ஏர் டெக்கான் அது. ‘சூரரைப் போற்று’ படம் வழியாக நம் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த கதை. மைசூரில் பிறந்த ஆர்.கே. லட்சுமணனின் ‘சாமானியன்’ அந்த விமானத்தின் சின்னமாக இருந்தார். முதல்முறையாக விமானம் ஏறிய எத்தனையோ குடும்பங்களைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டவர்கள் அதன் ஊழியர்கள். 2008-ல் அது கிங்ஃபிஷர் ரெட் ஆனது. 2012-ல் கிங்ஃபிஷர் பறப்பதே நின்றது. நம் வாயில் இன்றும் வருவது டெக்கான்தான்.

பழைய பெயர் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? வெறும் பழக்கம் என்று முன்பெல்லாம் நினைத்தேன். பெரியவரோடு பேசிய பிறகு வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பெயரில் யாரோ ஒருவர் நம்மிடம் பரிவாக நடந்திருக்கிறார். ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அழும் குழந்தைக்கு வெந்நீர் கொண்டுவந்திருக்கிறார். நாம் மறக்காமல் சொல்லும் பழைய பெயர், அந்தக் கைகளுக்கு நாம் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும் கூலி.

உள்ளே இருப்பவர்களுக்கோ பெயர் என்பது சோறும்கூட. இணைப்புக்குப் பிறகும் இந்தியன் ஏர்லைன்ஸிலிருந்து வந்தவர் யார், ஏர் இந்தியாவிலிருந்து வந்தவர் யார் என்ற பிரிவு பல வருஷம் தொடர்ந்தது. சம்பளம், சீனியாரிட்டி, பதவி உயர்வு எல்லாம் அதில் சிக்கியிருந்தன. இதைத் தீர்த்துவைக்க 2011-ல் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவையே அமைக்க வேண்டியிருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் டிக்கெட்டில் இருந்த ‘ஐ.சி.’ என்ற இரண்டெழுத்து அந்த வருஷம் பிப்ரவரியில்தான் மறைந்தது. ஏர் இந்தியாவின் சிவப்பு அன்னத்துக்குள் ஒரு கோனார்க் சக்கரம் வரைந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? ‘இந்தியன்’ விமானத்தின் வாலில் இருந்த சக்கரத்தின் தொடர்ச்சி அது. “அது எங்க சக்கரம்” என்று பேரனுக்குக் காட்டுவாராம் பெரியவர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் முந்தைய நாள் நான் செய்த ஒரு தவறு உறைத்தது.

டெல்லியிலிருந்து நான் வந்த விமானம் முன்பு விஸ்தாராவில் இருந்தது. 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கி, 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்த நிறுவனம் அது. அதன் கத்தரிப்பூ நிறம் உள்ளே இன்னும் அங்கங்கே தெரிந்தது. பக்கத்து இருக்கையில் முதல் பயணம் வந்த ஒரு மூதாட்டி பயந்துபோயிருந்தார். ஓர் இளம் பணிப்பெண் அவர் அருகில் மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தமும் எதனால் வருகிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இறங்கும்போது அவரைப் பாராட்ட நினைத்து, “விஸ்தாராக்காரங்க கவனிப்பே தனிம்மா” என்றேன்.

அவர் புன்னகை மாறவில்லை. “நன்றி சார். நான் சேர்ந்தது ஏர் இந்தியாலதான்” என்றார்.

அவருடைய பரிவை எடுத்து, அவர் ஒருநாளும் வேலை பார்க்காத ஒரு பெயரின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். பாராட்டை மட்டுமா இப்படி மாற்றி வைக்கிறோம்? பழைய நிர்வாகத்தின் மீதுள்ள கோபத்தையும் இன்று கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம்தானே கொட்டுகிறோம்.

இது விமானத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. சேரன், பாண்டியன், பல்லவன் என்றிருந்த நம் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் 1997-ல் மாறின. கோவையில் சேரன் பஸ் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. கொழும்பில் நம்மவர்கள் பலருக்கு ஸ்ரீலங்கன் இன்னும் ஏர் லங்காதான். குண்டலுபேட்டையே 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. பெரியவரின் சம்பந்தி வீட்டாருக்கு அது இன்னமும் மைசூர் ஜில்லா. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே எதிரே ஊட்டி பஸ் வந்து நின்றது. “உங்க சேரன் வந்திருச்சு” என்றார் பெரியவர்.

பழைய பெயரை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அதை விட்டால் அந்த மூத்த மெக்கானிக்கையும் விட்டுவிடுவோம். ஆனால் எதிரே நிற்பவரின் சட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்ப்போம். பழையவரிடம் பேசும்போது அவர் உழைத்த பெயரைச் சொல்வோம்; புதியவரிடம் அவர் உழைக்கிற பெயரைச் சொல்வோம். இரண்டுக்கும் மரியாதை ஒன்றுதான்.

உங்களில் எத்தனையோ பேர் இன்று பெயர்ப்பலகை இல்லாத மில்லில், வங்கியில், கழகத்தில் வேலை பார்த்திருப்பீர்கள். எந்தப் பெயரில் உழைத்தீர்கள்? யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் நானே படிப்பேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பணிப்பெண்ணைப் பாராட்டி ஏர் இந்தியாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். விமான எண்ணும் தேதியும் தெளிவாக எழுதி, நிறுவனத்தின் இன்றைய பெயரைச் சரியாக எழுதியிருந்தேன். இந்த இதழ் அச்சாகி வந்ததும் முதல் பிரதி குண்டலுபேட்டைக்குப் போகும். உறையின் மேல் பெரியவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, ‘இந்தியன் ஏர்லைன்ஸ் (ஓய்வு)’ என்று எழுதுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்