வரம்பு முதலில், மீன் பிறகு

அணுவுலை விபத்துக்குப் பின் குடிநீரையும் கடலுணவையும் சோதிப்பது கருவிகளின் நுட்பத்தை மட்டுமே பொறுத்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் வரலாறு, எதை அளப்பது, எந்த அளவில் விற்பனையைத் தடுப்பது, எவற்றை வெளியிடுவது என்பவை முன்கூட்டியே வரையறுக்கப்படாதபோது துல்லியமான அளவீடும் மக்களிடம் மதிப்பிழக்கும் என்பதை உணர்த்துகிறது.

விபத்து நடந்த மாதத்தில் டோக்கியோவின் கனமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின்-131 கண்டறியப்பட்டது. பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைவதைக் குறிக்கும் அலகு. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100 பெக்கரல் என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்ததால், அவர்களுக்கு அந்நீரைத் தர வேண்டாம் என்ற எச்சரிக்கையை உடனடியாக விடுக்கவும், அளவு குறைந்ததும் விலக்கிக்கொள்ளவும் முடிந்தது. கடலில் நடந்தது வேறு. ஏப்ரல் தொடக்கத்தில் இபராக்கி கடற்பகுதியில் பிடிபட்ட 'கோனாகோ' என்னும் சிறுமீனில் கிலோவுக்கு 4,080 பெக்கரல் அயோடின் காணப்பட்டபோது, மீனுக்கென அயோடின் வரம்பே இருக்கவில்லை. காய்கறிகளுக்குரிய 2,000 பெக்கரல் என்ற வரம்பை அதன் பிறகே அரசு மீனுக்கும் நீட்டித்தது. மீன் பிடிபட்ட பின் வகுக்கப்படும் வரம்பு, அறிவியல்படி சரியாகவே இருந்தாலும், வசதிக்கேற்ப வளைக்கப்பட்டதாகவே நுகர்வோருக்குத் தோன்றும்.

எட்டு நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் அயோடின் சில மாதங்களில் மறைந்துவிட, பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டுகள் பிடிக்கும் சீசியம்-137 எஞ்சுகிறது. அது மீனின் தசையில் சேர்வதோடு கடலடிச் சேற்றிலும் படிவதால், கணவாய் போன்றவற்றில் அளவு விரைந்து குறைந்தும், கடலடியில் வாழும் மீன்களில் நெடுநாள் நீடித்தது. உணவுக்கான சீசியம் வரம்பு 2012 ஏப்ரலில் கிலோவுக்கு 500 பெக்கரலிலிருந்து 100 ஆகக் குறைக்கப்பட்டது. ஃபுகுஷிமா மீனவர் கூட்டுறவு அமைப்போ தானாகவே 50 என்ற கடுமையான வரம்பை ஏற்றது. ஆயினும் 2023 மே மாதத்தில் அணுமின் நிலையத் துறைமுகத்துக்குள் பிடிபட்ட ஒரு பாறை மீனில் 18,000 பெக்கரல் இருந்தது என்பதால், சந்தைக்கு வரும் மீன்களின் சராசரியைக் கொண்டு மட்டும் கடலின் நிலையைக் கணிக்க இயலாது என்பது தெளிவாகிறது. எலும்பில் சேரும் ஸ்ட்ரான்சியம்-90ஐப் பிரித்தளக்க நீண்ட வேதியியல் செய்முறை தேவைப்படுவதால், அன்றாடச் சோதனை சீசியத்தோடு நின்றுவிடுவதும் கருதத்தக்கது.

அணுமின் நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டுத் தொட்டிகளில் தேக்கப்பட்ட கழிவுநீரில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கருதப்பட்டுவந்த நிலையில், அதன் பெரும்பகுதியில் வேறு கதிரியக்கத் தனிமங்களும் வெளியேற்ற வரம்பைவிட மிகுந்திருப்பதை 2018இல் நிலையத்தை இயக்கிய டெப்கோ நிறுவனம் ஒப்புக்கொண்டது. எனவே, மறுசுத்திகரிப்புக்குப் பின் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் குறைவான டிரிட்டியத்தோடு 2023 ஆகஸ்ட் 24 முதல் நீர் கடலில் விடப்பட்டபோது, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு 10,000 பெக்கரல் என்ற விளக்கமும், தாக்கம் மிகச் சொற்பமே என்ற சர்வதேச அணுசக்தி முகமையின் மதிப்பீடும் ஐயத்தை முற்றிலும் போக்கவில்லை. சீனா அன்றே ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியைத் தடைசெய்தது. அத்தடைக்கு அரசியல் காரணங்களும் உண்டெனினும், அவற்றுக்கு இடமளித்தது முந்தைய மறைப்பே.

ஆகவே, கடலோர அணுவுலைகளை இயக்கும் நாடுகள் நீருக்கும் மீனுக்குமான வரம்புகளை விபத்துக்கு முன்பே வகுத்து, 'கண்டறியப்படவில்லை' என்று அறிவிக்கும்போது கருவியால் அறியக்கூடிய குறைந்தபட்ச அளவையும் சேர்த்து வெளியிட்டு, மாதிரி எடுக்கும் உரிமையை ஐயுறுவோருக்கும் வழங்க வேண்டும். 2024 செப்டம்பரில் முகமையின் ஏற்பாட்டின்கீழ் சீனாவும் மாதிரி எடுக்கலாம் என ஜப்பான் உடன்பட்டது. இந்த ஏற்பாடு முதல் நாளிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது.