உயரத்தில் நின்று எடுக்கும் படம்



சென்னை மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏறிப் படம் எடுத்தவர் யார் என்று கேட்டால், நம் வகுப்பில் நான்கைந்து பேர் பெருமையுடன் கை தூக்குவர். நானும் ஒருத்தி. 1977 முதல் ஒளி வீசும் அக்கோபுரத்தின் ஒன்பதாவது மாடி வரை மின்தூக்கி உண்டு. பாதுகாப்புக் கருதிப் பல்லாண்டுகள் பார்வையாளரை அனுமதிக்காதிருந்து, 2013-இல்தான் மீண்டும் திறந்தனர். காமிராவுக்குத் தனிக் கட்டணம். மாமா அதற்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார். மேலே சென்று நான் செய்தது என்ன? கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, என் முகத்தையே பதினேழு முறை படம் பிடித்தேன்! வீட்டிற்கு வந்து பார்த்தால் ஒன்றிலும் சென்னை இல்லை. என் இரட்டைச் சடைதான் காற்றில் பறந்தது.

மாமா எடுத்தது ஒரே படம். வடக்கே துறைமுகம் வரை அகன்று கிடக்கும் மணல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டிய பின், தெற்கிலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவரும் மணல் அங்கே தடைப்பட்டுச் சேர்ந்ததாம். துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கமோ, மணல் வந்து சேராமல் கரை அரித்துப் போயிற்றாம். கீழே சுண்டல் தின்றுகொண்டு அதே மணலில் நடந்தபோது இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

நம் தரங்கம்பாடியில் வானளாவிய கட்டடம் ஏது? 1620-இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டையின் மேல்தளமே நமக்கு உயரம். அருகே, கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "முன்னே இவ்வளவு தூரம் மணல் கிடந்தது" என்று பாட்டி கையை நீட்டிக் காட்டுவார். எவ்வளவு என்று காட்ட ஒரு படமும் வீட்டில் இல்லை. 2004 டிசம்பர் 26-க்கு முன்பிருந்த கரையை நாம் ஒருவரும் கண்டதில்லை. அப்போது நாம் பிறக்கவே இல்லை.

ஆகையால் உயரத்தில் ஏறினால் முதல் படம் ஊருக்கு, அடுத்ததே நமக்கு என்பது என் தாழ்மையான கருத்து. ஆண்டுக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே திசை நோக்கி எடுத்துத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். இப்பணியைப் பத்தாம் வகுப்பிடம் ஒப்படைக்கலாம். கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். சகோதரியர் கோபிக்க வேண்டாம். அலுவலக அலமாரியில் உறங்கும் காமிரா போதும்.

சென்ற மாதம் அப்பாவின் கைப்பேசியில் முதல் படத்தை எடுத்துவிட்டேன். ஓரத்தில் தங்கையின் ரிப்பன் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவள் எனக்குப் பின்னால் நிற்பாள்.