படிய வாரிய ஒயர்கள்

மெர்போக் பக்கத்துப் பையன்கள் நிறைய பேர் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் சுங்கைப்பட்டாணிக்குப் போவார்கள், இல்லையென்றால் கூலிமுக்கு. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்ததிலிருந்து, தாத்தா பால் வெட்டிய வீட்டில் பேரன் சர்வர் அறைக்குள் நிற்பது அதிசயமில்லை. என் சித்தப்பா மகன் அப்படி ஒருவன். தொழிற்சாலைகளிலும் கல்லூரிகளிலும் கணினி வலையமைப்புக்குக் கேபிள் இழுக்கிறான். வீட்டில் நாங்கள் அதை 'ஒயர் வேலை' என்போம்.

முடித்த வேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். இரும்புச் சட்டத்துக்குள் 48 நீலக் கேபிள்கள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடிபோல் இறங்கும். சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு இருக்கும். மூலை வந்தால் அளவுகோல் வைத்தாற்போல் திரும்பும். பார்த்தால் எனக்கே கை தட்டத் தோன்றும். வேலை கொடுத்தவருக்கும் அப்படித்தான். படம் அழகாக இருந்தால் பணம் சீக்கிரம் வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையிலிருந்து இரவு 2 மணிக்கு அவனுக்கு அழைப்பு. வேறு யாரோ செய்து கொடுத்த வேலை. 48-இல் ஒரு கேபிள் செத்துவிட்டது, ஓர் உற்பத்தி வரிசை நின்றுவிட்டது. எந்தக் கேபிள் என்று பார்த்தால், எண் ஒட்டிய இடம் கட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. மறுமுனையில் எண்ணே இல்லை. ஒன்றைத் தனியே உருவ, மேலிருந்து கீழே எல்லாக் கட்டுகளையும் வெட்ட வேண்டியிருந்தது. அவசரத்தில் கத்தி பக்கத்துக் கேபிளில் பட்டு, ஒரு பழுது இரண்டாகிவிட்டது. விடிந்த பிறகுதான் வேலை முடிந்தது. "பார்க்க அழகுதான் அக்கா, ஆனா உள்ள விரல் நுழைய இடமில்லை" என்றான்.

அதன் பிறகு அவன் சொன்ன சில விவரங்கள் எனக்குப் புதிது. இந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கு வேறு. ஒரு ஜோடியின் சமிக்ஞை இன்னொன்றில் ஏறாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. வானொலியில் இருக்கும் எனக்கு இது எளிதில் புரிந்தது: பழைய தொலைபேசியில் நடுவே யாரோ ஒருவர் குரல் கேட்குமே, அதே சங்கதி. ஒரு கேபிளுக்குள் இதை முறுக்கு தடுத்துவிடும். ஆனால் உலோக உறையில்லாத கேபிள்களை வாரி, ஒன்றையொன்று உரசியபடி பல மீட்டர் நீளத்துக்கு இணையாக ஓட விட்டால், பக்கத்துக் கேபிளின் 'குரல்' இதில் ஏறத் தொடங்கும். வேகம் 10 கிகாபிட்டைத் தொடும்போது இது நிஜமான தொல்லை. கொஞ்சம் தளர்வாக, முன்னும் பின்னுமாகக் கிடக்கும் கட்டு அங்கே மேலானது. படத்தில் மட்டும் சுமாராக இருக்கும்.

இறுக்கமும் அப்படித்தான். பூக்கட்டும் அம்மாக்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: நழுவாத அளவுக்கு இறுக்க வேண்டும், காம்பு அறுகிற அளவுக்கு அல்ல. பிளாஸ்டிக் கட்டை இழுத்து முறுக்கினால் உள்ளே ஜோடிகளின் வடிவம் நசுங்கிப்போகும். திருப்பத்திலும் ஒரு கணக்கு உண்டு. வளைவின் ஆரம், கேபிளின் விட்டத்தைப்போல் 4 மடங்காவது இருக்க வேண்டும். கண்ணாடி இழைக் கேபிளுக்கு 10 மடங்கு. அந்தச் செங்கோண மூலைகள் படத்துக்கு நல்லவை, கேபிளுக்கு அல்ல.

வெப்பம் இன்னொன்று. இப்போது கேமராக்களும் வைஃபை கருவிகளும் இதே கேபிள் வழியாக மின்சாரமும் எடுத்துக்கொள்கின்றன. பெரிய கட்டின் நடுவில் இருப்பது சூடாகும். சூடானால் சமிக்ஞை போய்ச் சேரும் தூரம் குறையும். ஒரு கட்டுக்கு 24 கேபிள்களோடு நிறுத்துங்கள் என்பது தொழிலில் இருக்கும் அறிவுரை. குளிர்சாதனம் இல்லாத நம் ஊர்க் கூரைத் தட்டிக்கு மேலே அது கூடுதலாகவே பொருந்தும்.

இதையெல்லாம் கேட்டு, அலங்கோலமே மேல் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நூடுல்ஸ் போல் தொங்கும் ஒயர்களில் ஒன்றை இழுத்தால் மூன்று கழன்று வரும், காற்றோட்டமும் அடைபடும். தோட்டத்தில் பால் மரங்களை நிரை பிடித்து நட்டது கண்ணுக்கு அழகாக இருக்க அல்ல. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர் ஒரு மரமும் விடாமல் வெட்டி முடிப்பதற்கு. கேபிளுக்குத் தேவையான ஒழுங்கும் அந்த வகைதான், திரும்ப வந்து கை வைக்கிறவருக்கு வழி விடுகிற ஒழுங்கு.

கோயில் நிர்வாகத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ இருப்பவர்கள் கேமராவும் இணையமும் போடும்போது ஒப்படைப்புப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். இரு முனையிலும் ஒரே எண் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். எந்த எண் எந்த அறைக்குப் போகிறது என்ற பட்டியலைத் தாளில் வாங்கி அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் சோதனைக் கருவி தரும் அறிக்கையைக் கேளுங்கள். மறுபடி வெட்டிப் பொருத்த முனையில் கொஞ்சம் நீளம் மிச்சம் விட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதற்காக வளையம் வளையமாகச் சுருட்டி வைக்கச் சொல்லக் கூடாது. நிரந்தரமாகப் பதிக்கும் நீளம் 90 மீட்டருக்குள், இரு முனை இணைப்பு ஒயர்களையும் சேர்த்து 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மிச்சமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இந்த வேலைக்கு நாட்டில் இனி கிராக்கி கூடும். 2024 மே மாதத்தில் மட்டும் மைக்ரோசாஃப்ட் 220 கோடி அமெரிக்க டாலரும் கூகுள் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலிடுவதாக அறிவித்தன. ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு கட்டடத்துக்குள் போகும் கேபிளை 48, 96 என்று எண்ண முடியாது. தம்பியையும் ஒரு கண்ட்ராக்டர் ஜொகூருக்குக் கூப்பிட்டிருக்கிறார். சம்பளம் இங்கே வாங்குவதைவிட அதிகம். கட்டுவதற்கு வெல்குரோ நாடா தருவீர்களா என்று கேட்டிருக்கிறான். பிளாஸ்டிக் கட்டுதான் மலிவு, படத்திலும் பளிச்சென்று இருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. போனவாரம் சுங்கைப்பட்டாணியில் சொந்தக் காசில் நான்கு சுருள் வெல்குரோ வாங்கி வைத்திருக்கிறான்.