ஓசியும் உரிமையும்

1990களின் கடைசியில் தில்லி நேரு பிளேசிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. மானிட்டர், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஐம்பது, நூறு ரூபாய் வரை பேரம் நடக்கும். விலை படிந்ததும் கடைப் பையன் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிய ஒரு சிடியை எடுத்துச் செருகுவான். "சாஃப்ட்வேர் எல்லாம் நாங்களே போட்டுத் தந்துடுவோம் சார்." விண்டோசும் ஆபீசும் இன்னும் கேட்டது கேட்காததும் வரிசையாக வந்து இறங்கும். சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. வாங்கியவருக்கோ, காய்கறிக்காரர் பையில் போடும் கறிவேப்பிலை மாதிரி வெறும் கொசுறு.

இந்தியாவில் லினக்ஸ் மோத வேண்டியிருந்தது இந்தக் கொசுறுடன்தான். காசு கொடுத்து வாங்கிய விண்டோசைப் பார்த்தவர்களே குறைவு. எல்லாமே ஓசியில் கிடைக்கும் ஊரில் இன்னொரு ஓசிக்கு என்ன மரியாதை இருக்கும்? அதுவும் பழக்கமில்லாத, பிரிண்டரோடு சண்டை போடுகிற, மோடத்தை அடையாளம் காண மறுக்கிற ஓசி. ("கம்பெனி வேலை" என்று முத்திரை குத்தி ஸ்டாம்ப் இல்லாமல் அனுப்பிய தபால்களிலிருந்து வந்ததுதான் ஓசி என்ற சொல்லே என்பார்கள். கம்பெனி பெயரில்தான் அன்றும் சலுகை!)

ஆக, "இது இலவசம்" என்று சொல்லி லினக்சை விற்க முயன்றவர்கள் தோற்றார்கள். அவர்கள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கப் புரோகிராமர் ஜிஎன்யு திட்டத்தை அறிவித்தபோது அவர் மனதில் இருந்தது விலை இல்லை, உரிமை. சாஃப்ட்வேரை எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்த்துப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பவை அந்த உரிமைகள். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் அதோடு சேர்ந்தது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால், ஸ்டால்மன் பல பத்தாண்டுகளாக இந்த வித்தியாசத்தை விளக்கியே களைத்துப்போனார். நம் மொழிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழில் அதைக் "கட்டற்ற மென்பொருள்" என்கிறார்கள். மலையாளத்தில் "ஸ்வதந்த்ர" சாஃப்ட்வேர். அந்தச் சொல்லை ஓர் அரசாங்கமே நம்பி இறங்கியது என்றால் அது கேரளத்தில்தான்.

அங்கே 2001-இல் ஏ.கே. ஆண்டனி ஆட்சியில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டால்மன் வந்திருக்க, திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ஆனால் பள்ளிகளுக்கான முதல் பாடங்கள் விண்டோசைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தன. ஒரு கம்பெனியின் சரக்கை அரசுப் பாடப் புத்தகம் எப்படிச் சொல்லித்தரலாம் என்று கேட்டுக் கிளம்பியது, சாஃப்ட்வேர் நிபுணர்களோடு இடதுசாரி ஆசிரியர் சங்கமும்தான். கணக்கு வாத்தியார்களும் மலையாள டீச்சர்களும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகப் போராடிய மாநிலம் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

சங்கத்தின் குரலில் அரசியல் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஏகபோகம் என்றாலே அங்கே சிலருக்குக் கை முஷ்டி தானாக உயரும். ஆனால் கோஷத்துக்குப் பிறகு அவர்கள் வேலையும் செய்தார்கள். ஆசிரியர்களிலிருந்தே மாஸ்டர் டிரெய்னர்கள் தேர்வாயினர். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் ஆனார். டெபியனையும் பின்னாளில் உபுண்டுவையும் அடித்தளமாக வைத்து, கேரளப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய கருவிகளோடு, மலையாளத்தில் தட்டச்சு செய்யும் வசதியோடு, தமக்கான ஒரு பதிப்பைத் தாமே தயாரித்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐ.டி. செய்முறைத் தேர்வைச் சேர்த்து, அதைப் படிப்படியாக லினக்சுக்கே கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் மார்க் உள்ள பொருளுக்கே மதிப்பு. தேர்வில் வரும் என்றால் லினக்ஸ் என்ன, லத்தீனையும் பிள்ளைகள் படிப்பார்கள்.

இதன் பலம் எங்கே தெரிகிறது என்றால், ஆட்சிகள் மாறியபோது. 2001-இல் காங்கிரஸ் கூட்டணி, 2006-இல் இடதுசாரிகள், 2011-இல் மறுபடி காங்கிரஸ், 2016-இல் மறுபடி இடதுசாரிகள். முந்தைய ஆட்சியின் பெயர்ப்பலகையைக்கூட விட்டுவைக்காத அரசியலில் பள்ளிக் கம்ப்யூட்டர்களின் லினக்ஸ் மட்டும் அசையவில்லை. அதைக் கட்டிக் காத்தவர்கள் அமைச்சர்கள் இல்லை, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள். அத்தனை பேரை எந்தத் தேர்தலும் இடமாற்றம் செய்துவிட முடியாது. 2017-இல் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 4,752 பள்ளிகளில் 45,000 ஹைடெக் வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போனபோதும் உள்ளே இருந்தது அதே லினக்ஸ்.

2019-இல் கைட் ஒரு கணக்குச் சொன்னது: 2 லட்சம் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் செலவு 1.5 லட்சம் ரூபாய், ஆக மொத்தம் 3,000 கோடி மிச்சம். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. பெருக்கல் சரிதான். ஆனால் எந்த அரசும் ஒவ்வொரு பள்ளிக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றரை லட்சத்துக்கு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கப் போவதில்லை. மொத்தமாக வாங்குகிறவருக்குக் கம்பெனிகள் விலையைத் தரைக்கே இறக்கும். பட்டுப்புடவை வாங்காததால் இருபதாயிரம் லாபம் என்று கணவர் சொல்லும் கணக்கு இது. கைட் பெருமைப்பட வேண்டிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

உதாரணமாக, மலையாள எழுத்து. டைப்ரைட்டரில் அடங்க வேண்டும் என்பதற்காக 1971-இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் உடைக்கப்பட்டு, தொண்ணூறு சொச்ச வடிவங்களுக்குள் மொழி அடைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த விலங்கு கழலவில்லை. 1999-இல் ரச்சனா என்ற குழு பழைய எழுத்தை மீட்கக் கிளம்பி, 900-க்கும் மேற்பட்ட வடிவங்கள் கொண்ட ஃபான்ட்டை உருவாக்கியது. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு பின்னர் அது வெளியானது. 2002-இல் தொடங்கிய ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் தொண்டர்கள் திரையில் உடைந்து தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். பூட்டிவைத்த சாஃப்ட்வேரில் ஒரு கூட்டெழுத்து உடைந்தால், கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு மனுப்போட்டு அடுத்த வெர்ஷன் வரை காத்திருக்க வேண்டும். அங்கே சந்தை சிறியது என்றால் மனு குப்பைக்கூடைக்குப் போகும். இங்கே, தெரிந்தவர் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத் தூங்கப் போனார்.

எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தால் கதை வேறு. இங்கும் ஆசை இருந்தது. 2006-இல் எல்காட் நிர்வாக இயக்குநரான உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்சுக்கு மாற்றினார். மற்ற துறைகளையும் இழுக்கப் பார்த்தார். வேகமான அதிகாரி. சில ஆண்டுகளில் அவர் வேறு பொறுப்புக்குப் போக, வேகமும் கூடவே போனது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோசும் இருந்தது, சென்னையில் சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் இருந்தது. திட்டத்தின் பெயர் "விலையில்லா" மடிக்கணினி. விலை இல்லை என்பது சரி. ஆனால் பாஸ் என்ற அந்த இரண்டாவது கதவைத் திறக்க மாணவனுக்கு என்ன காரணம் இருந்தது? தேர்வு இல்லை, சொல்லிக்கொடுத்த டீச்சர் இல்லை. பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பாடத்தில் 2018-இல் உபுண்டுவும் ஓபன் ஆபீசும் வந்தன. அதுவும் அந்தப் பாடம் எடுத்தவர்களுக்கு மட்டும். விழுப்புரம் போன்ற ஊர்களில் கிராமத்து மாணவர்களைக் கூட்டிவைத்து லினக்ஸ் சொல்லித்தரும் இளைஞர்கள்தான், அரசு விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்திய அரசு 2015-இல் திறந்த மூல சாஃப்ட்வேருக்கே முன்னுரிமை என்று கொள்கை அறிவித்தது. 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு அடிப்படையிலான மாயாவைக் கொண்டுவருவதாகச் செய்தி வந்தது. காகிதத்தில் குறையொன்றும் இல்லை. கேள்வி, தாலுகா ஆபீசில் திங்கட்கிழமை காலை பிரிண்டர் நின்றால் கூப்பிட ஆள் உண்டா என்பது.

கேரளத்துக்கும் ஒரு சங்கடம் உண்டு. பத்து வருஷம் லினக்சில் வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போகும் கடையில் டாலி ஓடும், டாலிக்கு விண்டோஸ் வேண்டும். "பிள்ளைக்கு விண்டோஸ் தெரியவில்லையே" என்று பெற்றோர் கவலைப்பட்டால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு சிஸ்டத்தை நிஜமாகவே கற்றவருக்கு இன்னொன்று சில வாரங்களில் வசப்படும் என்ற பதில் சரியானதுதான். ஆனால் இன்டர்வியூவுக்கு அந்தச் சில வாரங்களைத் தர முதலாளி சம்மதிக்க வேண்டுமே.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப் பழைய லேப்டாப்கள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் மெஷினை ஓரங்கட்டு என்று அர்த்தம். நேரு பிளேஸ் பையனின் சிடிக்கும் இதற்கு வைத்தியம் கிடையாது. கேரளப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றம் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். செப்டம்பர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை சாஃப்ட்வேர் சுதந்திர தினம். அதையொட்டி நடக்கும் முகாம்களுக்கு ஊர்க்காரர்கள் தங்கள் லேப்டாப்களைக் கொண்டுவரலாம். லினக்ஸ் ஏற்றித் தருவார்கள். காசு கேட்பதில்லை. பழைய ஃபைல்களை வேறு இடத்தில் எடுத்துவைத்தீர்களா என்று மட்டும் முதலில் கேட்க வேண்டும்.