குளத்தின் அடியில் ஒரு மடு வேண்டும்

காவிரி டெல்டாவின் பாசனத்துக்காக மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். 2017-ல் அது அக்டோபர் 2 வரை தள்ளிப்போனது. முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், அந்த ஜனவரியிலேயே தமிழ்நாட்டின் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. தஞ்சை வட்டாரம் முழுக்கக் குறுவையைப் பற்றியும் நிவாரணத்தைப் பற்றியுமே பேச்சு. வெடித்துக் கிடந்த குட்டைகளிலும் வாய்க்கால்களிலும் வாழ்ந்த உயிர்களைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

ஆனால், அந்தக் குட்டைகளுக்கு வறட்சி புதிதல்ல. பனையேறிக் கெண்டையைப் பாருங்கள். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஓர் உறுப்பால் அது காற்றை நேராகவே சுவாசிக்கிறது. தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து கிடக்கும். இல்லையென்றால் செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையிலேயே அடுத்த நீர்நிலையைத் தேடிப் போகும். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரப் பனைமரம் ஒன்றில் இந்த மீனைக் கண்டதாக எழுதினார். மரம் ஏறுவதைப் பின்வந்த ஆய்வாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். தரையில் நடப்பதில் சந்தேகமே இல்லை.

விராலும் தேளியும் காற்றைச் சுவாசிப்பவைதான். நத்தை ஓட்டு வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் உறங்குகிறது. வயல் நண்டு ஈரம் இருக்கும் ஆழம் வரை வளை தோண்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் பலவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கின்றன.

இவற்றில் பலவற்றைக் காப்பது அடியில் எஞ்சும் ஈரம்தான். தென் அமெரிக்க மழைக்காடுகளிலும் இதே கதைதான். அங்கே அன்னாசிக்கு உறவான சில செடிகள் இலை இடுக்குகளில் மழைநீரைத் தேக்கிவைக்கின்றன. கொசுப் புழு, தட்டானின் இளம்புழு எல்லாம் அந்தக் கையளவு நீரில் வளர்கின்றன. மழை நின்றால் அடியில் மக்கிய இலையின் ஈரம்தான் அவற்றுக்குப் புகலிடம். அந்த ஈரமும் போய்விட்டால், பறந்து வரும் பூச்சிகள் முட்டையிட்டால்தான் செடி மறுபடி நிறையும்.

டெல்டாவிலோ அந்த அடி ஈரத்தை நாமே அழிக்கிறோம் என்பதுதான் வருத்தம். கோடையில் கடைசித் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்து, மிச்ச மீனையும் அள்ளிவிடுகிறார்கள். தூர்வாரும் இயந்திரம் கரையோரக் கோரையைச் சுரண்டி, அடிமண்ணைத் தட்டையாக்கிவிட்டுப் போகிறது. வாய்க்காலின் அடியில் கான்கிரீட் போட்டால் நண்டு எங்கே வளை தோண்டும்? கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் தளம் வேண்டாம் என்று விவசாயிகள் சொன்னது நிலத்தடி நீருக்காக. அந்த எதிர்ப்பில் மீனுக்கும் நத்தைக்கும் பங்கு உண்டு.

தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போக அது அவசியம். ஒவ்வொரு குளத்திலும் ஓர் ஆழமான மடுவையும் ஒரு பக்கக் கோரையையும் விட்டுவைத்தால் போதும். மீன் குத்தகை ஏலத்திலும் மடுவை இறைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேண்டும். ஊராட்சிகள் அடுத்த கோடைக்குள் அதை எழுதிச் சேர்க்கட்டும்.