சோப்புத்தூள் சோப்பு ஆகாதா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையின் சிறிய கடையொன்றில் ஒரு பெண்மணி, “அண்ணே, குளிக்கிற சோப்பு ஒண்ணு, பத்து ரூபா சோப்புத்தூள் ஒண்ணு” என்று கேட்கிறார். கடைக்காரர் ஒரே அலமாரியிலிருந்து இரண்டையும் எடுத்து வைக்கிறார். அவ்விருவர் கணக்கிலும் அவை ஒரே ஜாதிப் பொருள்கள். சர்க்காரின் வரி அட்டவணையிலோ ஒன்றுக்கு எண் 3401, மற்றதற்கு 3402. 2025 செப்டம்பர் 22 முதல் முன்னதற்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிற்று. பின்னது 18 சதவீதத்திலேயே நிற்கிறது. சோப்பு கொழுப்பும் காரமும் கலந்து உண்டாவது, சலவைத்தூளோ பெட்ரோலியத்தின் வழித்தோன்றல் என்று ரசாயன சாஸ்திரம் வேற்றுமை காட்டும். ஆனால் குளியல் சோப்பின் வரியைக் குறைத்தவர்கள் அதற்குச் சொன்ன காரணம் ரசாயனம் அன்று; ஏழை எளியோரின் மாதச் செலவு குறைய வேண்டும் என்பதே. அந்தக் காரணம் துணி துவைக்கும் தூளுக்கு ஏன் பொருந்தாமற் போயிற்று?

இந்த வினாவைப் புதுச்சேரியிலிருந்து எழுப்புவதற்குச் சற்றே பழைய பாத்தியதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் விளைந்து, மாட்டுவண்டியிலும், 1879-இல் விழுப்புரத்திலிருந்து பாதை போடப்பட்டபின் ரயிலிலும் இவ்வூருக்கு வந்து, படகுகளில் ஏறி, ஆழக்கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களைச் சேர்ந்த மல்லாட்டைப் பருப்பு (மணிலாக்கொட்டை என்பதே நம்மவர் நாவில் இப்படித் தேய்ந்தது), பிரான்ஸின் மார்ஸேல் நகரத்து ஆலைகளில் எண்ணெயாக ஆடப்பட்டது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி உணவுக்கு ஆகவில்லை. காய்மேல் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக்கிக் கையால் உடைப்பது இங்கே அன்றைய வழக்கம். அவ்வாறு நனைந்த பருப்பு, கப்பலின் அடித்தட்டு வெக்கையில் வாரக்கணக்காய்க் கிடந்து, ஊர் போய்ச் சேருவதற்குள் சிக்குப் பிடித்து அமிலம் ஏறிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓட்டோடு வந்த கடலை சாப்பாட்டு மேஜைக்குப் போயிற்று. நம்முடையது சோப்புக் கொப்பரைக்குப் போயிற்று.

அந்த மார்ஸேலிலும் சோப்பு இன்னதென்று நிர்ணயித்தது சட்டமே. ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு கலக்கலாகாது என்று 14ஆம் லூயி மன்னனின் ஆணை 1688-இலேயே பிறந்துவிட்டது. அது காலத்தால் தளர்ந்தபிறகுதான் நம் மல்லாட்டைக்கு அங்கே வாசல் திறந்தது. ஆக, இந்தத் தொழிலின் சரித்திரத்தில் கொப்பரைக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் சட்டத்தின் வரிகளுக்கும் உண்டு. அவ்வரிகளை எழுதும்போது அருகே நின்று பேசுவதற்கே உற்பத்தியாளர்கள் சங்கம் கூடினார்கள்.

அமெரிக்காவில் அப்படியொரு சங்கம் 1926-இல், சோப்பு, கிளிசரின் உற்பத்தியாளர் பெயரால் ஏற்பட்டது. மோட்டார் வண்டி வந்து குதிரைச் சாணமும் தெருப்புழுதியும் குறைந்தன. நிலக்கரி அடுப்பு மறைந்து வீட்டுக் கரியும் போயிற்று. ஜனங்களின் உடம்பில் அழுக்குக் குறைகிறதே என்பது அன்றைய வியாபாரிகளின் மெய்யான கவலைகளில் ஒன்று! அதற்குப் பரிகாரமாக மறு ஆண்டே ‘சுத்தக் கழகம்’ ஒன்றை நிறுவி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கை கழுவும் பாடம் நடத்தினார்கள். அச்சங்கமே பின்னர் சோப்பு, டிடர்ஜென்ட் சங்கம் என்று பெயர் மாறி, 2010 முதல் அமெரிக்கச் சுத்திகரிப்புக் கழகம் என வழங்குகிறது. விற்பனைக்காகச் செய்த உபதேசம் என்றாலும், அதனால் பிள்ளைகள் கை கழுவினார்கள் என்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

நம் தேசத்துக் கதை வேறு. 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கிய சன்லைட் சோப்புப் பெட்டிகளின்மேல் இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்திருந்தது. அதற்கு எதிர்முகமாக, மீன்வளத் துறையை நடத்திய பிரெடரிக் நிக்கல்ஸனின் முயற்சியால் சென்னை ராஜதானியின் சோப்புத் தொழிலகம் 1914-இல் கோழிக்கோட்டில் எழுந்தது. டாட்டாவின் எண்ணெய் ஆலை 1917-இல் கொச்சியில் பிறந்தது. 1933-இல் சன்லைட்டைச் செய்த லீவர் கம்பெனி இந்தியப் பெயர் பூண்டு, அடுத்த ஆண்டு பம்பாய் சேவ்ரியில் ஆலை திறந்தது. 1959-இல் அக்கம்பெனி கொணர்ந்த சர்ஃப் வசதி படைத்தோரின் வீட்டுப் பொருளாய் இருந்தது. கிலோ 13 ரூபாய் அளவில் அது விற்ற காலத்தில், 1969-இல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் கையால் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்ற நிர்மா, 3 ரூபாய்ச் சில்லறைக்குக் கிடைத்தது. படேலின் சாமர்த்தியம் பாதி. மீதிப் பாதி, மின்விசை இன்றிச் செய்த சலவைத்தூளுக்கு அன்றைய கலால் சட்டம் தந்த விலக்கு.

சலவை சோப்பையும் வெகுகாலம் சட்டமே காத்தது. சிறு தொழிலுக்கென்று ஒதுக்கிவைத்த பட்டியலில் கடைசியாக எஞ்சிய 20 பொருள்களை 2015 ஏப்ரலில் மத்திய சர்க்கார் விடுவித்தபோது, அவற்றுள் சலவை சோப்பு ஒன்று; கடலை எண்ணெயும் ஒன்று. மார்ஸேலில் ஒரே கொப்பரையில் வெந்தவை டில்லியில் ஒரே கெஜட்டில் விடைபெற்றன.

புதுச்சேரியோ வரி எல்லையாலேயே வாழ்ந்தும் வதைந்தும் வந்த ஊர். 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க உடன்பாடு கண்டு, 1949-இல் அது அறுந்து, 1954-க்குப் பின் இந்தியாவோடு கலந்தது. பிற்காலத்தில் இப்பிரதேசம் வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் பின்தங்கிய பிரதேசமாக இடம்பெற்றதால், 1990-களில் தொடங்கிய ஆலைகளுக்கு முதல் 5 ஆண்டு இலாபத்தில் முழு விலக்குக் கிட்டிற்று. விற்பனை வரிச் சலுகையும் அதனோடு சேர்ந்தது. வடமங்கலத்தில் லீவரின் சலவைத்தூள் ஆலையும், காரைக்காலில் பின்னர் ஜோதி கம்பெனியின் கைக்கு மாறிய ஹெங்கல் ஆலையும் இந்த மண்ணுக்கு வந்ததற்குச் சலுகைகளைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. சலவைத்தூள் இங்கே நன்றாக விற்பதற்கு வேண்டுமானால் வேறு காரணம் உண்டு: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திப்பி திப்பியாய்த் திரளும், தூள் நுரைக்கும்.

பெரிய ஆலைகளுக்கு அப்பால், வில்லியனூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் நான் கண்டது இது. சிமெண்டுத் தரையில் வெள்ளைச் சோடா மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, பழுப்புப் பாகாய் இழுபடும் ஆசிட் ஸ்லரியை ஊற்றுகிறார்கள். குவியல் சூடேறி, பொருமி, இட்லி மாவுபோல் உப்புகிறது. ஒருவர் மண்வெட்டியால் புரட்டிக்கொண்டே இருக்கிறார். இராத்திரி ஆறவிட்டு மறுநாள் சலித்து, வாசனை தெளித்து, உறையிலிட்டால் சரக்கு. புரட்டியவரின் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. இந்திய சோப்பு, நறுமணப் பொருள் உற்பத்தியாளரின் தேசிய சங்கத்தைப் பற்றி அவரிடம் பிரஸ்தாபித்தேன். அப்படியொன்று இருப்பதையே அவர் அறியார். சோப்பும் தூளும் ஒருங்கே விற்கும் பெரிய கம்பெனி, ஒன்றில் வரி குறையாவிட்டாலும் மற்றதில் அனுகூலம் பெறும். தூள் ஒன்றையே நம்பிய கொட்டகைக்கு அந்த ஆறுதல் இல்லை.

2017 ஜூலையில் சலவைத்தூளுக்கு 28 சதவீதம் விதித்து, நவம்பரிலேயே 18 ஆக்கியது, இப்போது குளியல் சோப்புக்கு வரி குறைத்த அதே சரக்கு சேவை வரிக் கவுன்சில்தான். ஆகவே மனம் மாறுதல் அதற்குப் புதிதன்று. சோடா மாவுக்கும் ஸ்லரிக்கும் 18 இருக்கத் தூளுக்கு மட்டும் 5 ஆகுமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் காஸ்டிக் சோடாவுக்கு 18 கொடுத்துச் செய்யும் குளியல் சோப்புக்கு அது தடையாகவில்லை. சட்டமன்றமுள்ள பிரதேசம் என்ற முறையில் புதுவைக்குக் கவுன்சிலில் ஓர் ஆசனம் உண்டு. நம் அமைச்சர் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்பவேண்டும்.

கூடவே வேறொன்றையும் கேட்கவேண்டும். சரக்கு விற்போருக்கு வரிப் பதிவு வேண்டாத வருஷ விற்பனை வரம்பை 2019-இல் 40 லட்ச ரூபாயாக உயர்த்திக்கொள்ள மாநிலங்களின் இஷ்டத்துக்கு விட்டபோது, புதுவை 20 லட்சத்திலேயே நின்றுகொண்டது. தமிழ்நாடு 40-ஐ ஏற்றது. முத்தியால்பேட்டையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்தில் கொட்டகை போட்டவருக்கு 40 லட்சம் வரை பதிவு இல்லை. இங்கே போட்டவர் 20 லட்சத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும்.