தொண்ணூற்றாறும் முக்காலும்

ஜப்பானின் இபராக்கி மாநிலத்தில் ககியோகா என்ற ஊரில், டோக்கியோ பல்கலைக்கழக வளாகத்தில் 1,600 தட்டைப் பெட்டிகளை வெயிலில் சாய்த்து வைத்தார்கள். மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டர். ஒவ்வொன்றிலும் வெண்பொடி பூசிய கண்ணாடித் தகடும் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலமும் உண்டு, மின்கம்பி கிடையாது. வெயில் பட்டதும் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வந்தன. கலவை வெடிக்கக்கூடியது என்பதால் வேண்டுமென்றே பற்றவைத்தும் சோதித்தார்கள். கசுனாரி டோமன் குழுவின் இந்த வேலை 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது, அதிகபட்சம் 0.76 சதவீதம்.

இவ்வளவுதானா என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1972இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்சைடின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டிய நாளிலிருந்து ஒரு தொல்லை தொடர்ந்தது. ஒளி பட்டு விடுபடும் எலெக்ட்ரான், தான் விட்டுவந்த காலியிடத்துக்கே திரும்பி விழுந்துவிடும். ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். டோமன் குழு அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தை எடுத்துக்கொண்டது. எலெக்ட்ரான்கள் வந்து சேரும் முகங்களில் ரோடியம், காலியிடங்கள் சேரும் முகங்களில் கோபால்ட். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் திரும்பி விழுவது ஏறக்குறைய நின்றது. உண்டான ஹைட்ரஜன் ரோடியத்தின் மேலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி நீராகிவிடாமல் இருக்க, அதன்மேல் குரோமியம் ஆக்சைடால் ஓர் உறை. ஹைட்ரஜன் உண்டாவதை அது தடுக்காது. ஆக்சிஜனை மட்டும் ரோடியத்திடம் அண்டவிடாது. எத்தனை நுட்பமான ஏற்பாடு! 2020இல் இந்தப் பொடி, தன்மேல் விழும் புறஊதா ஒளித்துகள்களில் 96 சதவீதம் வரை பயன்படுத்திக் காட்டியது.

அப்படியானால் வெயிலில் ஏன் முக்கால் சதவீதம்? இந்தப் பொடிக்குப் புறஊதா ஒளிதான் வேண்டும். தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் அது சுமார் 5 சதவீதமே. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் வீணாகிறது. உலோகங்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, படிகம்தான் மாறவேண்டும்.

அந்த மாற்றம் தொடங்கியும் விட்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஏற்கும் இண்டியம் காலியம் நைட்ரைடு நுண்கம்பிகளில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸெடியன் மீ குழு 2023இல் ஆய்வகத்தில் 9.2 சதவீதம் எட்டியது. வெளியே, வில்லை வைத்துக் குவித்த வெயிலில் 6.2. அந்தக் கம்பிகள்மேல் பதித்ததும் அதே ரோடியம், குரோமியம், கோபால்ட் கூட்டணிதான்.